துடுப்புச் சின்னத்துக்கு ஒரு சவப்பெட்டி

டொரன்டோ
10 ஜனவரி 1999

அன்புள்ள யூஜினி அக்காவுக்கு,

உன் தம்பி லியோபோல்ட் எழுதுகிறேன். உனக்கு இப்போது உடம்பில் எங்கே வலிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கே வலித்தாலும் இந்தக் கடிதம் வந்து சேரும்போது அது குறைந்திருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் அட்டைகள் வருஷம் தவறாமல் அனுப்பினேன். வந்தனவா தெரியவில்லை. பதில் இல்லாததால் கேட்கிறேன், குறையாகச் சொல்லவில்லை.

குளோரியா அக்டோபரில் தவறிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தச்சுப்பட்டறையை மூடிவிட்டேன். நெஞ்சில் மரத்தூள் படிந்திருக்கிறது, இந்தக் குளிர் ஆகாது என்கிறார் டாக்டர். இங்கே ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் ரேடியேட்டர் வாடை. எனக்கு நம் தீவுக்கே வந்துவிட வேண்டும் போலிருக்கிறது அக்கா. அம்மாவின் நிலத்தில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஓர் அறை போட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். சாகும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் கிடப்பேன்.

குடும்ப நிலம்தானே, அம்மா வயிற்றில் பிறந்த யாரும் கேட்காமலே போய்க் குடிசை போடலாம், யாரும் தடுக்க முடியாது என்று இங்குள்ள நம் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பது நீ. நீ வா என்று சொல்லாமல் நான் வரமாட்டேன்.

உன் நலம் பற்றி ஒரு வரி எழுது.

தம்பி,
லியோபோல்ட்

*

ஆன்ஸ் மோரோ
2 மார்ச் 1999

லியோபோல்டுக்கு,

உன் கடிதம் வந்தது. அட்டைகளும் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே பனி.

எனக்கு முழங்கால் வலி, இரண்டும். இடது கண்ணில் புரை. கடவுள் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் படி இறங்கி வர எனக்கு நேரமாகும், காத்திருக்கட்டும். குளோரியா போனதற்கு வருத்தம். அவளை நான் பார்த்ததில்லை, அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பூசையில் அவள் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஜொயான் என்று ஒரு பெண் டேப் ரெக்கார்டரோடு வந்தாள். லிபரல் கட்சியின் வரலாறு எழுதுகிறாளாம். "உங்க வீட்டுக்காரர்தான் இந்த ஊர்ல கட்சியோட கடைசி வேட்பாளர்னு சொன்னாங்க" என்றாள். "கடைசின்னு அப்ப யாரும் சொல்லலம்மா. சொல்லியிருந்தா அவர் நின்னிருக்கவே மாட்டார்" என்றேன்.

சொன்னேன் அவளுக்கு. லாயர் மெர்சியே ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் கிரிக்கெட் மைதானத்துக்கு வந்த நாளிலிருந்து சொன்னேன். தோட்டத்துரையின் சாட்டையும் வேண்டாம், தொழிற்சங்கத் தலைவரின் தடியும் வேண்டாம், எதிர்த்துப் பேசினவனுக்கு வேலை போகக் கூடாது, அதுதான் லிபரல் என்று அவர் பேசினார். யாருக்கும் புரியவில்லை. மறுநாள் சிப்ரியன்தான் கடையில் உட்கார்ந்து விளக்கினார்: "பக்கத்து வீட்டுக்காரன் லேபர் கட்சியா இருந்தாலும், அவன் படகைக் கரையேத்த நீ போய் ஒரு கை போடற பாரு, அதான்டா லிபரல்." அப்புறம் ஊரே நம் கட்சியின் துடுப்புச் சின்னத்தில் விழுந்தது. நீயும் மரத்தில் துடுப்பு செய்து கொடுத்தாய், வீட்டுக்கு வீடு ஆணியில் மாட்ட.

ஒன்பது தொகுதியில் அஞ்சு ஜெயித்தோம். லாயர் மந்திரியானார். பிறகு கவர்னர் விருந்தில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தொடங்கிய சண்டையில் கட்சி இரண்டாகப் பிளந்தது. நாற்காலிக்காக! அந்த விருந்துக்குப் போகும்போது லாயர் மனைவி கட்டியிருந்த பட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் கோழி அறுத்து, பச்சை வாழைக்காயும் உப்புக்கருவாடும் அவித்துப் போட்டேன். அவள் கடைசிவரை என்னை "அந்தக் கடைக்காரி" என்றுதான் சொன்னாள். கட்சிக் கொடியைப் பிறகு தரை துடைக்கக் கொடுத்தவளும் அவள்தான். டேப்பில் சொல்லியிருக்கிறேன், பதிவாகட்டும்.

நிலத்தைப் பற்றி எழுதியிருந்தாய். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இப்போது வாழை வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிப்ரியன் மனைவி,
யூஜினி

*

டொரன்டோ
29 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கண்புரைக்கு இங்கே அரைமணி நேரத்தில் அறுவை செய்துவிடுகிறார்கள். டவுன் ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள், விசாரி. எனக்கு இருமல் இருக்கிறது, மற்றபடி நலம்.

ஒரு பீப்பாய் அனுப்பியிருக்கிறேன். அரிசி, எண்ணெய், சோப்பு, டின் மீன், உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு. ஈஸ்டருக்குப் பிறகு துறைமுகத்துக்கு வரும்.

வாழையை வெட்ட வேண்டாம். அதைத் தாண்டி, வேலி ஓரமாகக்கூட ஒரு சின்ன அறை போடலாம்.

அந்தப் பெண் உன்னிடம் கடைசித் தேர்தலைப் பற்றியும் கேட்டாளா?

தம்பி,
லியோபோல்ட்

*

ஆன்ஸ் மோரோ
6 ஜூன் 1999

லியோபோல்டுக்கு,

பீப்பாய் வந்தது. நல்ல பீப்பாய், மழைநீர் பிடிக்க வைத்திருக்கிறேன். அரிசியைக் கோயிலுக்குப் பாதி கொடுத்தேன். கம்பளிக் கோட்டு இந்த வெயிலுக்கு எதற்கு? ஆடு குட்டி போட்டிருக்கிறது, குட்டிக்கு விரித்திருக்கிறேன். மெத்தென்று தூங்குகிறது. கண் அப்படியே இருக்கிறது. பழையது எல்லாம் நன்றாகத் தெரிகிறது, புதியதுதான் மங்கல்.

கேட்டாள். கடைசித் தேர்தலைப் பற்றித்தான் அவளுக்கு முக்கியமாம்.

நிற்க ஆள் கிடைக்காமல் லாயர் நம் வீட்டுக்கு வந்து, "சிப்ரியன், பேருக்கு நில்லுய்யா, மானம் போகக் கூடாது" என்றதைச் சொன்னேன். ஒன்பது தொகுதியிலும் தோற்றோம். சாயங்காலம் லேபர்காரர்கள் ஊர்வலம் வந்தார்கள். ஜெயித்தவன் தோற்ற கட்சிக்குச் சவ ஊர்வலம் நடத்துவது நம் ஊர் வழக்கம்தான், நாம் ஜெயித்தபோது நாமும் நடத்தினோம், நான் இல்லையென்று சொல்லவில்லை. வாழைப்பெட்டியை ஆணியடித்து, உள்ளே பிணத்துக்குப் பதில் ஒரு விளக்குமாறு போட்டுத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் எறிவோம். சிரித்துவிட்டு எல்லோரும் ரம் குடிப்போம்.

இவர்கள் அப்படி வரவில்லை. லேபர்காரன் கிளெமென்ட் என்னைப் போலவே மதராஸ் கட்டம்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு, ரவிக்கைக்குள் இரண்டு தேங்காய் வைத்துக்கொண்டு, விதவை வேஷத்தில் முன்னால் வந்தான். "ஐயோ என் துடுப்பே! என் ராசா! என்னை நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்டியே! இனிமே யாருக்குடி நான் கோழி அறுப்பேன்!" என்று மாரில் அடித்துக்கொண்டான். தேங்காய் ஒன்று நழுவி விழுந்தது, ஊரே சிரித்தது. "கடைக்கார அண்ணே, வெளிய வாங்க, உங்க வீட்டு எழவுக்கு நீங்க வராம எப்படி?" என்று ஒருவன் கத்தினான். பாதிரியார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பெட்டியை நம் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். சிப்ரியன் வெளியே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அதற்கும் சிரித்தார்கள்.

கிளெமென்ட் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் துக்கத்துக்குப் போகவில்லை.

அந்தப் பெட்டியை யார் செய்தது என்று ஜொயான் கேட்டாள். தெரியாது என்றேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நெஞ்சைப் போர்த்திக்கொள்.

சிப்ரியன் மனைவி,
யூஜினி

*

டொரன்டோ
11 ஜூலை 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். ஆட்டுக்குட்டி வளர்ந்திருக்கும்.

இங்கே இப்போது நல்ல வெயில். கீழ் வீட்டு இத்தாலியக் கிழவர் தக்காளி போட்டிருக்கிறார். நான் முதன்முதல் வந்தபோது தக்காளித் தோட்டத்தில்தான் வேலை. இன்றைக்கும் அந்த இலை வாசனை எனக்குப் பிடிக்காது.

கருவிகளை ஒவ்வொன்றாக விற்கிறேன். இழைப்புளியை மட்டும் வைத்திருக்கிறேன். அத்தான் வாங்கிக் கொடுத்தது.

அத்தான் கல்லறையில் சிலுவை மரமா, சிமென்ட்டா? மரமானால் கறையான் பிடித்திருக்குமே.

தம்பி,
லியோபோல்ட்

*

ஆன்ஸ் மோரோ
20 செப்டம்பர் 1999

லியோபோல்டுக்கு,

சிமென்ட்.

என் முழங்கால் அப்படியே. புயல் ஒன்று பக்கத்துத் தீவோடு போய்விட்டது, வாழை தப்பித்தது. நான் உடனே எழுதவில்லை, எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஜொயான் எழுதியதை அனுப்பியிருந்தாள். என் பேத்தி படித்துக் காட்டினாள். "அந்தத் தேர்தலுடன் லிபரல் கட்சி கலைந்தது" என்று முடித்திருக்கிறாள். யார் கலைத்தது? ஒரு கூட்டம் போட்டு, இத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று எங்களிடம் யாராவது சொன்னார்களா? லாயர் மெர்சியே அடுத்த வருஷமே லேபர் கொடுத்த தூதர் பதவியை வாங்கிக்கொண்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். சிப்ரியன் ஞாயிறு தவறாமல் கடைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு வைப்பார், யாராவது வருவார்கள் என்று. முதலில் ஆறு பேர் வந்தார்கள். பிறகு மூன்று. பிறகு நான் பெஞ்சைத் துடைத்து உள்ளே வைப்பேன். கட்சி அப்படித்தான் போனது.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். அந்தப் பெட்டி வாசற்படியில் இருந்தபோதே நான் பார்த்தேன். வாழைப்பெட்டி இல்லை. மகோகனி. கேலிக்குச் செய்கிறவன் ஆணி அடித்துப் போவான். இதில் ஓர் ஆணி இல்லை. மூலைகள் பல்லுக்குள் பல் கோத்திருந்தன. உள்பக்கம்கூட இழைத்திருந்தது. விளக்குமாறு படுக்க உள்பக்கம் எதற்கு இழைக்க வேண்டும்? இந்தத் தீவில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் மட்டமாக ஒரு வேலை செய்ய வராது. எவனாவது கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் அந்த மூலையைத் தடவி நான் பெயர் சொல்வேன்.

அந்த வருஷம் கனடாத் தோட்டவேலைக்கான அனுமதி அட்டையை லேபர் கட்சி ஆபீஸில் கொடுத்தார்கள். வாசலில் துடுப்பு மாட்டியிருந்த வீட்டில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நீ ஏப்ரலில் விமானம் ஏறினாய்.

சிப்ரியனும் மூலையைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. நான் கோடாலியைத் தேடினேன். "விடுடி யூஜினி, நல்ல மரம். ஒருத்தன் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கான்" என்று சொல்லி உள்ளே தூக்கி வைத்தார். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ விடைபெற வந்த அன்று அவர் உனக்குக் கொக்கோ தேநீர் போடச் சொன்னார். நான் போட்டேன். சர்க்கரை போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிப்ரியன் மனைவி,
யூஜினி

*

டொரன்டோ
5 டிசம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

உள்ளே தூக்கி வைத்த பிறகு அந்தப் பெட்டி என்ன ஆயிற்று?

லியோபோல்ட்

*

ஆன்ஸ் மோரோ
9 ஜனவரி 2000

லியோபோல்டுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். இங்கே ராத்திரி முழுக்க வெடி, ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

கடையில் மாவு கொட்டி வைத்தோம். மூடி இறுக்கமாக இருந்ததால் வண்டு ஏறவில்லை. லேபர்காரர்கள் வந்து மாவு வாங்கும்போது சிப்ரியன் மூடியைத் தட்டி, "பாத்து வாங்குங்கப்பா, உங்க கைராசி பெட்டி" என்பார். முதலில் அவர்களுக்கு முகம் செத்துப்போகும். பிறகு அவர்களும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சிரிக்க வைத்துவிட்டார், எனக்கு வரவில்லை.

நவம்பர் மழையில் அவர் படுத்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். மலைப்பாதை சரிந்து டவுனுக்கு வழி இல்லை. கடலும் கொந்தளிப்பு. அந்த வெக்கையில் எத்தனை நேரம் வைத்திருப்பது? ஊரில் பெட்டி செய்யத் தச்சன் இல்லை. இருந்த ஒரு தச்சன் கனடாவில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான்.

மாவைக் கொட்டிவிட்டு, நானே ஈரத்துணியால் துடைத்தேன். தூக்க வந்தவர்களில் கிளெமென்ட்டும் இருந்தான். "அக்கா, வேணாம்க்கா, இதுல வேணாம், நான் என் வீட்டுக் கதவைக் கழட்டித் தரேன்" என்று அழுதான். "எந்தத் தோள்ல தூக்கிட்டு வந்தியோ அந்தத் தோள்லயே தூக்கு" என்றேன். தூக்கினான்.

உன் கேள்விக்கு இதுதான் பதில். பெட்டி சிப்ரியனோடு மண்ணுக்குள் இருக்கிறது.

யூஜினி

*

டொரன்டோ
30 ஏப்ரல் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு ஆஸ்பத்திரிதான் காரணம். நிமோனியா. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். மூக்கில் ஒரு குழாய், அவ்வளவுதான். உன் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நர்ஸ் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தாள்.

குளோரியாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் எழுதி வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்று. இங்கே ஆறு மாதம் தரை உறைந்து கிடக்கும், ஆனாலும் அவர்கள் இயந்திரம் வைத்துத் தோண்டிவிடுகிறார்கள். நிலத்தைப் பற்றி இனிமேல் உன்னைக் கேட்கமாட்டேன் அக்கா. வாழை நன்றாக வரட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அத்தானுக்கு அகன்ற தோள். பெட்டியில் தோள் இடித்ததா?

உன் நலம் வேண்டும்,
லியோபோல்ட்

*

ஆன்ஸ் மோரோ
14 மே 2000

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. இன்று பூசைக்குப் போகாமல் எழுதுகிறேன். மூக்கில் குழாய் என்றால் இரவில் அதோடு தூங்க முடிகிறதா? மல்லாந்து படுக்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி, மல்லாந்து படுத்தால் அம்மா அடிப்பாள்.

இடிக்கவில்லை. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதுதான் என் ஆத்திரம். கேலிக்குப் பெட்டி செய்யச் சொன்னால் விளக்குமாற்றின் அளவுக்குச் செய்ய வேண்டியதுதானே. உனக்குப் பெட்டி என்றால் உள்ளே ஆள் வேண்டும், மனதில் ஓர் ஆளை நினைக்காமல் உன் கை ஓடாது, அவரை நினைத்தாய். உயிரோடு இருப்பவன் அளவுக்குப் பெட்டி செய்தால் அது அவனைக் கூப்பிடும் என்று ஊரில் சொல்வார்கள். இத்தனை வருஷம் நான் அதை நம்பினேன். நம்புவதும் அலுத்துவிட்டது. அவரைக் கூப்பிட்டது நெஞ்சுச்சளி.

போன மாதம் மறுபடி தேர்தல் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள், இரண்டு பேரும் டீ-சர்ட் கொடுத்தார்கள். அதில் ஒரு பையனிடம், "என் வீட்டுக்காரர் லிபரல்" என்றேன். "அது என்ன பாட்டி, டான்ஸ் பேண்டா?" என்று கேட்டான். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். கேலி செய்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். அவன் போன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். லாயர் செத்தாயிற்று. அவர் மனைவி செத்தாயிற்று. கிளெமென்ட் செத்தாயிற்று. பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஆறு பேரும் செத்தாயிற்று. நான் கோபப்படுவதற்கு இந்தத் தீவில் ஓர் ஆள் மிச்சமில்லை. பேத்தியிடம் சொன்னால், "விடுங்க பாட்டி, பழைய கதை" என்கிறாள். ஜொயானிடம் சொன்னால் டேப்பைத் திருப்பிப் போடுகிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அது எப்போது வரும், வருமா என்றும் தெரியாது. வந்தால் சொல்கிறேன், அருகில் இருந்தால் காதில் விழும்.

அங்கே போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு வா. அந்த இடத்தை யாராவது இத்தாலியக் கிழவருக்குக் கொடு. வேலி ஓரத்து அறை உனக்கு வேண்டாம், அங்கே ஈரம், உன் நெஞ்சுக்கு ஆகாது. கடைக்குப் பின்னறை காலியாக இருக்கிறது, கடல்காற்று வரும். நேற்றே பெருக்கச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை விமானத்தில் ஏறாதே, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மலைப்பாதையில் பஸ் கிடையாது. செவ்வாய்க்கிழமை வா. நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். வீட்டுக் கேட்டருகில் நிற்கிறேன். வந்ததும் திட்டுவேன், முதல் நாள் முழுக்கத் திட்டுவேன், குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேள். எங்காவது நான் தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்து. நீயும் அங்கே இருந்தவன்.

உன் அக்கா,
யூஜினி